வாடகை வீடும் வருமான வரியும்: இந்தியாவில் வரிச் சேமிப்பு வழிகளின் வரலாறு

வீடு, கடை, அலுவலகக் கட்டடம் ஆகியவற்றை வாடகைக்கு விட்டு வருவாய் ஈட்டுவோர், தாம் செலுத்த வேண்டிய வருமான வரியைச் சட்டத்துக்கு உட்பட்டுக் குறைத்துக்கொள்ளும் வழிகள் வரிச் சேமிப்பு வழிகள் எனப்படுகின்றன. வருமானத்தை மறைக்கும் வரி ஏய்ப்பிலிருந்து இவை வேறுபட்டவை. இந்தியாவில் இவ்வழிகள் பெரும்பாலும் தனிமனிதரின் சாமர்த்தியத்தால் மட்டும் பிறந்தவை அல்ல. வீடுகள் பெருக வேண்டும் என்ற நோக்கில் அரசு சலுகை அளித்தது. சலுகையைச் சுற்றி ஒரு வழி உருவானது. அவ்வழியில் செல்வோர் பெருகியபோது அரசு அதை அடைத்தது. ஏறத்தாழ 160 ஆண்டுகளாக இந்த மூன்று படிகளும் மாறி மாறி நிகழ்ந்துள்ளன. அவற்றைத் தொடர்ந்து பார்த்தால், வரிச்சலுகையின் பயன் யாருக்குச் சென்றது என்பதும் தெளிவாகும்.

வில்சனின் வரியும் சென்னை ஆளுநரின் எதிர்ப்பும்

1857 கிளர்ச்சிக்குப் பின் இந்திய அரசின் கருவூலம் பெரும் பற்றாக்குறையில் இருந்தது. அதைச் சரிசெய்ய இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்ட நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் 1860இல் இந்தியாவில் முதன்முதலாக வருமான வரியைக் கொண்டுவந்தார். 'தி எக்கனாமிஸ்ட்' இதழை நிறுவியவரும் இவரே. நிலம், வீடு ஆகிய சொத்துகளிலிருந்து கிடைக்கும் வருவாயும் இவ்வரியில் அடங்கியது. ஆண்டுக்கு 200 ரூபாய்க்குக் குறைந்த வருமானத்துக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

இவ்வரிக்குக் கடும் எதிர்ப்பு சென்னையிலிருந்து எழுந்தது. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் சார்லஸ் ட்ரெவெல்யன், இந்தியச் சூழலுக்கு வருமான வரி பொருந்தாது என்றும், செலவைக் குறைப்பதே முறை என்றும் வாதிட்டார். தம் மறுப்புக் குறிப்பைச் செய்தித்தாள்களில் வெளியிடவும் செய்தார். மேலிடத்தை இவ்வாறு வெளிப்படையாக எதிர்த்ததற்காக அவர் 1860இல் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். அதே ஆண்டு வில்சன் கல்கத்தாவில் காலமானார். பின்னர் ட்ரெவெல்யனே இந்திய அரசின் நிதி உறுப்பினராக வந்தார். அவர் பொறுப்பில் இருந்த 1865இல் வரி காலாவதியாக விடப்பட்டது.

அடுத்த இருபது ஆண்டுகளில் வரி பல வடிவங்களில் வருவதும் போவதுமாக இருந்து, 1886ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்றது. அச்சட்டம் வேளாண் வருமானத்துக்கு விலக்கு அளித்தது. இதன் விளைவு நீண்டகாலம் நீடித்தது. நஞ்சை வாங்கிக் குத்தகைக்கு விட்டவர் இந்த வரிக்கு வெளியே நின்றார். நகரத்தில் வீடு கட்டி வாடகைக்கு விட்டவர் உள்ளே வந்தார். வாடகை வருமானத்தின் மீதான வரி இவ்வாறு முதன்மையாக நகர்ப்புறக் கட்டடங்களின் மீதான வரியாக மாறியது.

ஆண்டு மதிப்பு என்னும் கருத்து

1922ஆம் ஆண்டு இந்திய வருமான வரிச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, சொத்து வருமானத்துக்கு ஒரு தனி இலக்கணம் வகுத்தது. ஒரு கட்டடத்தை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கலாமோ, அத்தொகையே அதன் 'ஆண்டு மதிப்பு'. வரி இந்த மதிப்பின் மீது விதிக்கப்பட்டது. அதாவது, கைக்கு வந்த வாடகையை அன்றி, வாடகை ஈட்டும் ஆற்றலையே சட்டம் அளந்தது. சொத்தின் ஆண்டு மதிப்பை அடிப்படையாகக் கொண்ட பிரித்தானிய வரிமுறையின் தாக்கம் இதில் தெரிகிறது.

இக்கருத்தே பின்னாளைய எல்லாச் சிக்கல்களுக்கும் வேர். உரிமையாளர் தாமே குடியிருந்தாலும் வீட்டுக்கு ஓர் ஆண்டு மதிப்பு உண்டு. 1922ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவ்வாறு குடியிருப்பவருக்கு, அந்த மதிப்பு அவருடைய மொத்த வருமானத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பு மட்டுமே இருந்தது. தாம் குடியிருக்கும் வீட்டின் ஆண்டு மதிப்பைச் சுழி எனக் கொள்ளும் முறை 1987-88 மதிப்பீட்டு ஆண்டு முதல்தான் வந்தது.

செலவுகளும் இதே முறையில் கணக்கிடப்பட்டன. பழுதுபார்ப்புக்கு உண்மையில் எவ்வளவு செலவானது என்று கேட்காமல், ஆண்டு மதிப்பில் ஆறில் ஒரு பங்கைச் சட்டம் கழித்துக்கொள்ள அனுமதித்தது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், 1962 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது, இந்தக் கட்டமைப்பை 22 முதல் 27 வரையான பிரிவுகளில் தொடர்ந்தது. பழுதுபார்ப்புக் கழிவுடன் காப்பீட்டுக் கட்டணம், நிலவரி, வாடகை வசூல் செலவு, கடன் வட்டி போன்றவற்றுக்கும் தனித்தனிக் கழிவுகள் இருந்தன. ஆறில் ஒரு பங்கு பின்னர் ஐந்தில் ஒரு பங்காகவும் நான்கில் ஒரு பங்காகவும் உயர்ந்தது. 2001ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இப்பட்டியலை எளிமையாக்கி, இரண்டே கழிவுகளை நிறுத்தியது: நிகர ஆண்டு மதிப்பில் 30 விழுக்காடு, கடன் வட்டி. உரிமையாளர் செலுத்திய நகராட்சிச் சொத்து வரி, நிகர மதிப்பைக் கணக்கிடும்போதே குறைக்கப்படுகிறது.

இந்த 30 விழுக்காட்டுக் கழிவு, செலவே செய்யாதவருக்கும் கிடைக்கும். கூரையை மாற்றிப் பெருஞ்செலவு செய்தவருக்கும் அதற்கு மேல் கிடைக்காது. புதிய அடுக்குமாடி வீட்டை வாங்கியவருக்கு இது ஆதாயம். பழைய ஓட்டு வீட்டைப் பராமரித்து வாடகைக்கு விடுபவருக்குப் பெரும்பாலும் இழப்பு.

வாடகைக் கட்டுப்பாட்டின் நிழல்

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நகரங்களில் வீட்டுப் பஞ்சம் ஏற்பட்டது. சென்னை மாகாணத்தில் 1941இல் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து 1946, 1949 ஆண்டுகளில் சட்டங்கள் வந்தன. இறுதியாக 1960ஆம் ஆண்டுக் குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அரை நூற்றாண்டுக்கும் மேல் நிலைத்தது. கட்டடத்தின் மதிப்பை அடிப்படையாகக் கொண்டு 'நியாய வாடகை' நிர்ணயிக்கும் அதிகாரம் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரிக்கு வழங்கப்பட்டது. குடியிருப்பவரை வெளியேற்றவும் சட்டம் குறிப்பிட்ட காரணங்கள் தேவைப்பட்டன.

இதனால் ஒரு முரண் எழுந்தது. ஆண்டு மதிப்பு என்பது நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய வாடகை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அனுமதிக்கும் தொகைக்கு மேல் ஒருவர் எதிர்பார்ப்பது நியாயம் ஆகுமா? நகராட்சிச் சொத்து வரி வழக்குகளில் இக்கேள்வி உச்ச நீதிமன்றத்தை எட்டியது. குண்டூர் நகராட்சி வழக்கிலும், 1980ஆம் ஆண்டுத் தொகுப்பில் பதிவான புதுதில்லி நகராட்சிக் குழு வழக்கிலும், அதிகாரி வாடகையை நிர்ணயித்திருக்காவிட்டாலும் சட்டப்படி நிர்ணயிக்கத்தக்க வாடகையே உச்ச வரம்பு என்று நீதிமன்றம் கூறியது. 1981இல் இதே கொள்கை வருமான வரிக்கும் பொருந்தும் என்று தீர்ப்பானது.

ஆகவே, நகரின் மையத்தில் இருந்த பழைய கட்டடங்கள் மிகக் குறைந்த ஆண்டு மதிப்பில் வரிக்கணக்கில் நின்றன. நாடாளுமன்றம் இதற்கு முன்பே ஒரு பக்கத்தை அடைத்திருந்தது. 1975ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 1976-77 மதிப்பீட்டு ஆண்டு முதல், உண்மையில் பெறும் வாடகை நியாய மதிப்பைவிட அதிகமாக இருந்தால் உண்மை வாடகையே கணக்கில் கொள்ளப்படும். எனினும் ரசீதில் ஒரு தொகையும் கையில் ஒரு தொகையுமாக வாடகை பிரிந்த இடங்களில் திருத்தத்தால் பயன் விளையவில்லை. அது சேமிப்பு அல்ல, ஏய்ப்பு. ஆனால் வாடகைக் கட்டுப்பாடும் உயர்ந்த வரி விகிதமும் சேர்ந்து அதற்கு வழிவகுத்தன.

குடும்பத்துக்குள் பிரித்தல்

வரி விகிதம் வருமானத்தோடு ஏறும்போது, ஒரே வருமானத்தைப் பல பெயர்களில் பிரித்தால் மொத்த வரி குறையும். 1973-74இல் இந்தியாவின் உச்ச வருமான வரி விகிதம், கூடுதல் வரியையும் சேர்த்து, 97.75 விழுக்காடு. அந்த உச்சத்தில் உள்ளவருக்குக் கூடுதலாக வரும் 100 ரூபாய் வாடகையில் 2 ரூபாய் 25 காசுதான் மிஞ்சும். அதே வாடகை வேறு வருமானம் இல்லாத மனைவியின் பெயரில் வந்தால் வரியே இராது. பிரித்தலுக்கான தூண்டுதல் எவ்வளவு வலுவானது என்பதை இதிலிருந்து உணரலாம்.

அரசு இதை முன்பே எதிர்பார்த்திருந்தது. கணவர் தம் மனைவிக்குப் போதிய விலையின்றி மாற்றித் தரும் சொத்தின் வருமானம் கணவரின் வருமானமாகவே கருதப்படும் என்ற விதி 1937ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. இவ்விதியைச் சுற்றிச் செல்ல நடந்த ஒரு முயற்சி, சென்னை வீடு ஒன்றைப் பற்றிய வழக்காக வரி வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. வருமான வரி ஆணையர் எதிர் சி. எம். கோத்தாரி என்னும் அவ்வழக்கில், 1947இல் வாங்கிய வீட்டின் பங்குகள் குடும்பப் பெண்களின் பெயரிலும் இருந்தன. எந்தக் கணவரும் தம் மனைவிக்கு நேரடியாகப் பணம் தரவில்லை. தந்தை மருமகளுக்குத் தந்தார். மகன் தாய்க்குத் தந்தார். ஒன்றுக்கொன்று ஈடாக நடந்த இவ்விரு கொடைகளும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்றும், சுற்றி வந்தாலும் இது கணவர் மனைவிக்கு மறைமுகமாகத் தந்ததே என்றும் உச்ச நீதிமன்றம் 1963இல் தீர்ப்பளித்தது. மாமனார், மருமகள், மகன், தாய் என்ற உறவுமுறைக்குள் நடந்த கொடுக்கல் வாங்கல், வரிச் சட்டத்தின் முன்மாதிரித் தீர்ப்புகளில் ஒன்றாயிற்று.

இந்து கூட்டுக் குடும்பத்தைத் தனி வரி அலகாகச் சட்டம் ஏற்றிருந்தது மற்றொரு வழியைத் திறந்தது. ஒருவர் தம் சொந்த வீட்டைக் குடும்பப் பொதுச்சொத்தில் சேர்த்துவிட்டால், அதன் வாடகை குடும்பத்தின் தனிக் கணக்கில் சேரும். 1969 டிசம்பர் 31க்குப் பின் அவ்வாறு சேர்த்த சொத்தின் வருமானம் சேர்த்தவருடையதாகவே கருதப்படும் என 1970இல் திருத்தம் வந்தது. 1978 டிசம்பர் 31க்குப் பிந்தைய பகுதிப் பாகப்பிரிவினைகளை வரிக்கணக்கில் ஏற்பதில்லை என்று 1980இல் மற்றொரு திருத்தம் வந்தது. 1993-94 மதிப்பீட்டு ஆண்டு முதல் சிறார் வருமானமும் பொதுவாகப் பெற்றோர் வருமானத்தோடு சேர்க்கப்பட்டது.

இந்த அடைப்புகளுக்குப் பின் எஞ்சி நிற்கும் முறையான வழி கூட்டு உடைமை. கணவனும் மனைவியும் தத்தம் சொந்த வருமானத்திலிருந்து பணம் போட்டு, பங்கு இவ்வளவு என்று பத்திரத்தில் குறிப்பிட்டு வீடு வாங்கினால், 26ஆம் பிரிவின்படி ஒவ்வொருவரும் தம் பங்கு வாடகைக்கு மட்டுமே வரி செலுத்துவர். இங்கு பணம் எங்கிருந்து வந்தது என்பதே முக்கியம். பத்திரத்தில் பெயர் இருப்பதால் மட்டும் வருமானம் பிரிந்துவிடாது.

வட்டியும் இழப்பும்

1977இல் ஹெச்.டி.எஃப்.சி. நிறுவனமும் 1988இல் தேசிய வீட்டுவசதி வங்கியும் தொடங்கப்பட்டபின் வீட்டுக்கடன் மெல்ல நடுத்தர மக்களின் வாழ்க்கையில் இடம்பிடித்தது. வரிச் சட்டமும் அதற்குத் துணை நின்றது. தாம் குடியிருக்கும் வீட்டுக்கான கடன் வட்டியில் கழிக்கத்தக்க வரம்பு, தொடக்கத்தில் சில ஆயிரம் ரூபாயாக இருந்து, 2001இல் ஒன்றரை லட்சமாகவும் 2014இல் 2 லட்சமாகவும் உயர்ந்தது. வாடகைக்கு விட்ட வீட்டுக்கோ வட்டி வரம்பே இல்லை. வட்டி முழுவதையும் கழிக்கலாம். அதனால் இழப்பு ஏற்பட்டால் அதைச் சம்பளம் போன்ற பிற வருமானத்தில் ஈடுகட்டலாம்.

இந்திய நகரங்களில் வீட்டின் விலையோடு ஒப்பிட்டால் வாடகை குறைவு; கடன் வட்டி அதைவிட அதிகம். எனவே கடனில் வாங்கி வாடகைக்கு விட்ட வீடு கணக்கில் இழப்பையே காட்டும். இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒருவர் 60 லட்சம் ரூபாய்க் கடனில் ஒரு வீடு வாங்கி மாதம் 20,000 ரூபாய்க்கு வாடகைக்கு விடுகிறார். ஆண்டு வாடகை 2,40,000 ரூபாய். சொத்து வரி 10,000 போக நிகர மதிப்பு 2,30,000. அதில் 30 விழுக்காடான 69,000 போனால் மீதி 1,61,000. 9 விழுக்காட்டில் ஆண்டு வட்டி 5,40,000. ஆக இழப்பு 3,79,000 ரூபாய்.

2017க்கு முன் இந்த இழப்பு முழுவதையும் சம்பளத்தில் கழிக்கலாம். அவர் 30 விழுக்காட்டு வரி அடுக்கில் இருந்தால், மேல்வரி நீங்கலாக 1,13,700 ரூபாய் மிச்சமாகும். 10 விழுக்காட்டு அடுக்கில் இருப்பவருக்கு அதே வீட்டில் 37,900 ரூபாய் மட்டுமே மிச்சம். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவருக்கு ஒன்றும் இல்லை. எல்லோருக்கும் பொதுவாக எழுதப்பட்ட சலுகை, நடைமுறையில் வருமானம் உயர உயரப் பெருகியது. ஒருவர் எத்தனை வீடுகள் வாங்கினாலும் அத்தனைக்கும் இது கிடைத்தது.

2017ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 71ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவைச் சேர்த்தது. அதன்படி வீட்டுச் சொத்து இழப்பில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை மட்டுமே பிற வருமானத்தில் ஈடுகட்ட முடியும். எஞ்சியதை எட்டு ஆண்டுகள் வரை எடுத்துச் சென்று, வீட்டுச் சொத்து வருமானத்தில் மட்டும் கழிக்கலாம். மேற்கண்ட கணக்கில் உயர் அடுக்கினரின் உடனடி மிச்சம் 60,000 ரூபாயாகக் குறைந்தது. 1,79,000 ரூபாய் இழப்பு காத்திருப்பில் சென்றது. வாடகை வட்டியைத் தாண்டி உயர்ந்தாலன்றி அந்தக் காத்திருப்புக்குப் பயன் இல்லை. பழைய விதியை நம்பி இருபது ஆண்டுக் கடன் வாங்கியவர்களுக்கும் புதிய வரம்பே பொருந்தியது.

வாடகையா, வணிகமா

கட்டடம் வாடகைக்கு விடுவதையே தொழிலாகக் கொண்டவரின் வருமானம் எந்தத் தலைப்பில் வரும் என்பது நெடுநாள் வழக்கு. வணிக வருமானம் எனக் கொண்டால் காவலாளி சம்பளம், பழுதுபார்ப்பு, மேலாண்மை ஆகியவற்றின் உண்மைச் செலவையும், கட்டடத்தின் தேய்மானத்தையும் கழிக்கலாம். வீட்டுச் சொத்து எனக் கொண்டால் குறிப்பிட்ட கழிவுகள் மட்டுமே.

1961இல் கிழக்கிந்திய வீட்டுவசதி நிறுவன வழக்கில், நிறுவனத்தின் நோக்கம் எதுவானாலும் உரிமையாளராகப் பெறும் வாடகை வீட்டுச் சொத்து வருமானமே என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2015இல் சென்னை பிராபர்ட்டீஸ் அண்ட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவன வழக்கில் நிலை மாறியது. சென்னையில் சில கட்டடங்களைக் கையகப்படுத்தி வாடகைக்கு விடுவதையே முதன்மை நோக்கமாகக் கொண்டு அந்நிறுவனம் அமைக்கப்பட்டிருந்தது. அதன் வருமானம் முழுவதும் வாடகையே. சென்னை உயர் நீதிமன்றம் வரித்துறையின் பக்கம் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, இது வணிக வருமானம் என்றது. 2016இல் ராயலா கார்ப்பரேஷன் வழக்கிலும் இதே முடிவு எட்டப்பட்டது.

இத்தீர்ப்புகளைக் காட்டிச் சிலர் குடியிருப்பு வீடுகளின் வாடகையையும் வணிகக் கணக்கில் கொண்டுவரத் தொடங்கினர். 2024ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அதற்கு முடிவு கட்டியது. 2025-26 மதிப்பீட்டு ஆண்டு முதல், குடியிருப்பு வீட்டை அதன் உரிமையாளர் வாடகைக்கு விட்டுப் பெறும் தொகை வீட்டுச் சொத்து வருமானமாகவே கணக்கிடப்படும். வணிக வளாகங்களைத் தொழில்முறையில் வாடகைக்கு விடும் நிறுவனங்களுக்கு 2015ஆம் ஆண்டுத் தீர்ப்பின் வழி இன்னும் திறந்தே உள்ளது.

முன்பணமும் ரசீதும்

சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாகப் பெறும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. முன்பணம் திருப்பித் தரவேண்டிய தொகை, வருமானம் அன்று. எனவே வாடகையைக் குறைத்து முன்பணத்தை உயர்த்தினால் வரி குறையும் என்ற எண்ணம் எழுந்தது. பெரும் வணிகக் கட்டடங்களில் கோடிக்கணக்கான ரூபாயை வட்டியில்லா வைப்பாகப் பெற்று, பெயரளவு வாடகையை மட்டும் காட்டிய நிகழ்வுகள் வழக்குகளாயின. 2011இல் தில்லி உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, வைப்புத்தொகைக்குக் கற்பனை வட்டி கணக்கிட்டு ஆண்டு மதிப்பில் சேர்க்க முடியாது என்றது. அதே வேளை, காட்டப்பட்ட வாடகை சந்தை நிலவரத்துக்குப் பொருந்தாமல் இருந்தால் நியாய வாடகையை அதிகாரி ஆராயலாம் என்றும் கூறியது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள புதிய வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது முன்பணத்தை மூன்று மாத வாடகையாக வரையறுத்தது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதியைத் தவிர்க்க எழுந்த 11 மாத ஒப்பந்த வழக்கத்துக்கும் இச்சட்டம் மாற்றுத் தேடியது. எல்லா வாடகை ஒப்பந்தங்களும் வாடகை அதிகார அமைப்பில் பதிவாக வேண்டும் என்றது.

சம்பளக்காரர் வீட்டு வாடகைப் படிக்கு விலக்குக் கோர ரசீது தேவை. வாடகையைக் கணக்கில் காட்ட விரும்பாத உரிமையாளருக்கோ ரசீது ஓர் இடையூறு. ஒருவரின் வரிச் சேமிப்பு மற்றவரின் வரிச் சுமையாக இவ்வாறு எதிரெதிரே நின்றது. 2013 முதல், ஆண்டு வாடகை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால் விலக்குக் கோரும் ஊழியர் உரிமையாளரின் நிரந்தரக் கணக்கு எண்ணைத் தரவேண்டும் என்றானது. 2017 முதல், மாதம் 50,000 ரூபாய்க்கு மேல் வாடகை தரும் தனிமனிதரே வரியைப் பிடித்துச் செலுத்த வேண்டும் என்றானது. 5 விழுக்காடாக இருந்த இப்பிடித்தம் 2024 அக்டோபர் முதல் 2 விழுக்காடானது. வாடகையாளரின் கோரிக்கையையே உரிமையாளரின் வருமானத்துக்குச் சான்றாக மாற்றியது இம்முறை.

விற்கும்போது

வாடகை வீட்டில் முதலீடு செய்வோர் பலர் வாடகையைவிட விலை உயர்வையே எதிர்பார்க்கின்றனர். மூலதன ஆதாய வரி 1947இல் அறிமுகமாகி, விரைவில் கைவிடப்பட்டு, பொருளாதார அறிஞர் நிகோலஸ் கால்டாரின் பரிந்துரையைத் தொடர்ந்து 1956இல் மீண்டும் வந்தது. 1992இல் பணவீக்கக் குறியீட்டு முறை சேர்ந்தது. வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் காட்டி, எஞ்சிய ஆதாயத்துக்கு மட்டும் வரி செலுத்த அது உதவியது. விற்ற ஆதாயத்தில் வேறு வீடு வாங்குவோருக்கு 54ஆம் பிரிவு விலக்கு அளித்தது. 2014இல் அது இந்தியாவிலுள்ள ஒரு வீடு என வரையறுக்கப்பட்டது. 2023இல் அவ்விலக்குக்கு 10 கோடி ரூபாய் உச்சவரம்பு வந்தது.

2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் மற்றோர் இரட்டைப் பயனையும் நீக்கியது. கடன் வட்டியை ஆண்டுதோறும் வாடகை வருமானத்தில் கழித்துவிட்டு, விற்கும்போது அதே வட்டியை வீட்டின் அடக்கவிலையிலும் சேர்க்கும் வழக்கம் அதற்கு முன் இருந்தது. 2024 ஜூலை 23 முதல் பணவீக்கக் குறியீட்டுச் சலுகை நீக்கப்பட்டு, வரி விகிதம் 20 விழுக்காட்டிலிருந்து 12.5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததால், அந்நாளுக்கு முன் வாங்கிய நிலம், கட்டடங்களுக்கு உள்நாட்டில் வசிக்கும் தனிமனிதரும் இந்து கூட்டுக் குடும்பங்களும் பழைய முறை, புதிய முறை இரண்டில் குறைந்த வரி தருவதைத் தேர்ந்துகொள்ள இடமளிக்கப்பட்டது.

இன்றைய நிலை

2020இல் அறிமுகமான புதிய வரிமுறை, கழிவுகளைக் குறைத்து விகிதங்களைத் தாழ்த்தியது. 2023-24 நிதியாண்டு முதல், வேறு தேர்வு செய்யாதவருக்கு அதுவே இயல்பான முறை. இதில் வாடகைக்கு விட்ட வீட்டின் 30 விழுக்காட்டுக் கழிவும் வட்டிக் கழிவும் உண்டு. ஆனால் இழப்பைச் சம்பளத்தில் ஈடுகட்ட முடியாது. தாம் குடியிருக்கும் வீட்டுக்கான வட்டிக் கழிவும் இல்லை. மேலே கண்ட கணக்கில், சம்பளத்திலிருந்து கிடைத்துவந்த மிச்சம் இம்முறையில் முற்றிலும் மறைகிறது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமும் ஆண்டு மதிப்பு, 30 விழுக்காடு, வட்டி என்ற மூன்று தூண்களையும் தக்கவைத்துள்ளது.

எனவே இன்று எஞ்சியுள்ள முறையான வழிகள் சில: உண்மையான பங்களிப்புடன் கூட்டாக வாங்குதல், சொத்து வரியை அந்தந்த ஆண்டிலேயே செலுத்திக் கழித்தல், இரு வரிமுறைகளையும் ஒப்பிட்டுத் தேர்தல், இரண்டு வீடுகள் வரை சொந்தக் குடியிருப்பாகக் காட்ட 2019இல் கிடைத்த சலுகையைப் பயன்படுத்துதல், விற்கும் ஆதாயத்தை உரிய காலத்தில் மறுமுதலீடு செய்தல். 1985இல் மெக்டவல் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த எல்லை இவற்றுக்கும் பொருந்தும்: சட்டத்தின் சட்டகத்துக்குள் வரியைத் திட்டமிடலாம், போலிச் சாதனங்கள் திட்டமிடல் ஆகா.

மதிப்பீடு

ஆண்டு மதிப்பு முறையின் நோக்கம், வீடுகள் சும்மா கிடக்காமல் பயன்பட வேண்டும் என்பதற்கு எதிரானது அன்று. வாடகைக்கு விட்டாலும் விடாவிட்டாலும் வரி உண்டு என்பதால், விடுவதே ஆதாயம். ஆயினும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் ஒரு கோடியே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் பூட்டிக் கிடந்தது பதிவானது. குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது என்ற அச்சமும், குறைந்த வாடகையும், விலை உயர்வின் மீதான நம்பிக்கையும் வரிச் சட்டத்தைவிட வலுவாக இருந்தன.

வட்டிச் சலுகை வீடு வாங்குவதை ஊக்குவித்தது. வாடகைக்குக் குடியிருப்போருக்கு வீட்டை மலிவாக்கியதா என்பதற்கு அது விடையளிக்கவில்லை. உயர்ந்த வருமானம் உடையவரே அதன் பெரும்பயனைப் பெற்றனர். அதே வேளை, சலுகையை நம்பி நீண்டகாலக் கடன் வாங்கிய நடுத்தரக் குடும்பமே விதி மாற்றத்தின் சுமையைத் தாங்கியது. வீட்டுக்கடன் இருபது ஆண்டு நீளும். நிதிச் சட்டம் ஆண்டுதோறும் மாறும். ஒரு வீடு தன் வாடகையாலேயே தன் கடனைத் தாங்குமா என்ற கணக்கை விட்டுவிட்டு, வரிமிச்சத்தை மட்டும் நம்பி வாங்கப்பட்டவை ஒவ்வொரு திருத்தத்தின்போதும் பாரமாயின.